நரிப்பாறை தாவிப் பாய்ந்த கதை

வாரியத்தின் ஜீப் நரிப்பாறைக் காலனிக்கு வந்து நின்றபோது, ஊரே கைவேலையைப் போட்டுவிட்டு அதன் பெயரைப் படிக்கத் தொடங்கியது. பெயர் டிரைவர் பக்கத்துக் கதவில் தொடங்கி, பின்னால் தொங்கிய ஸ்டெப்னி டயரைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கக் கதவில் போய் முடிந்தது: 'மலைப்பகுதி அகன்ற அலைவரிசை மற்றும் அலைபேசி இணையப் பரவல் போக்கு ஆய்வு வாரியம்.' முழுசாகப் படிக்க வேண்டுமானால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். சுந்தரராஜ் சுற்றி வந்தார். முடிவுக்கு வந்து சேர்ந்தபோது தொடக்கம் மறந்துபோயிருந்தது.

பேத்துப்பாறையிலிருந்து மேலே ஏறும் மண்பாதை, இனி ஏறுவதற்கில்லை என்று சலித்துப்போய் நிற்கிற இடம்தான் நரிப்பாறை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களை அரசாங்கம் அங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தது. சுந்தரராஜ் தலவாக்கலைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயமொன்றில் பிறந்து, மீசை அரும்புகிற வயதில் வந்து சேர்ந்தவர். அங்கே கொழுந்து, இங்கே பீன்ஸும் சவ்சவ்வும், முதுகு ஒன்றுதான். மனைவி லெட்சுமிக்கு இளைப்பு நோய். மழைக்காலம் வந்தால் அவள் நெஞ்சுக்குள் துருத்தி ஊதும். ஒரே மகள் சத்தியபிரியா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள்.

ஊருக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே பிடி, தமயந்தியின் டீக்கடையில் இருந்த போன். பழனியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தமயந்திக்கு வாய் நீளம், மனசு அகலம். கடைக் கூரைமேல் ஓர் இரும்புக் குழாயும் அதன் உச்சியில் மீன்முள் போன்ற ஆன்டெனாவும் நிற்கும். அந்தப் போனை வாரியமே முன்னொரு காலத்தில், தன் பெயர் இவ்வளவு நீளமாவதற்கு முன்னால், கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் பேசுவது அதில்தான். ஒட்டன்சத்திரம் மண்டியில் பீன்ஸ் என்ன விலை என்று கேட்பதும் அதில்தான். யாருக்காவது முடியவில்லை என்றால் பேத்துப்பாறையில் இருக்கும் திருமலைச்சாமியின் வாடகை ஜீப்பை வரச்சொல்வதும் அதில்தான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நடுவில் புத்தி சொல்வார்கள் என்பதைத் தவிர, அந்தப் போனில் ஒரு குறையும் கிடையாது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் பெயர் ராஜமுருகன். முப்பது வயசு இருக்கும். கழுத்தில் அட்டை, மேலே ஸ்வெட்டர், காலில் பளபளவென்று பூட்ஸ். முதலில் சுந்தரராஜின் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்.

"ஐயா, உங்க வீட்டுக்கு இணைப்பு வந்திருச்சுங்களா?"

"இன்னும் வரலீங்க. எழுதிக் குடுத்திருக்கோம். அடுப்பு வந்திருச்சு. சிலிண்டர்தான் வரணும்."

ராஜமுருகன், 'இணைய இணைப்புக்கு முன்பதிவு செய்தவர்' என்று எழுதிக்கொண்டார்.

"செல்போன் வச்சிருக்கீங்களா?"

"மக தீவாளிக்கு வாங்கிக் குடுத்தா. ஆனா இங்க எடுக்காதுங்க. பாறை உச்சிக்கு ஏறி, பழனிப் பக்கம் பார்த்து நின்னு, காத்தும் மனசு வச்சா ஒரு கோடு வரும். கதைக்கத் தொடங்குனதும் போயிரும்."

'நடமாடும் பயனாளர். திறந்த வெளியில் பயன்படுத்துவதை விரும்புகிறார்.'

"எப்பப்ப பயன்படுத்துவீங்க?"

"தெனமுங்க. அதுல டார்ச் லைட் இருக்குதுல்ல? தோட்டத்துக்குள்ள காட்டுமாடு எறங்குனா அடிச்சுப் பார்ப்பேன்."

'தினசரிப் பயனாளர். வேளாண்மை மற்றும் பாதுகாப்பு சார்ந்த பயன்பாடு.'

"சரி, வீட்டுல அகன்ற அலைவரிசை ஏன் வச்சுக்கலை? மூணு காரணம் இருக்கு. ஒண்ணு, ஆர்வம் இல்லை. ரெண்டு, அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. மூணு, செல்போனே போதும்."

"கம்பியே வரலியே, தம்பி."

"அது இதுல இல்லீங்க."

"கரண்டும் பாதி நாள் இருக்காது."

"அதுவும் இல்லீங்க. மூணுல ஒண்ணைச் சொல்லுங்க. எனக்கு வடகவுஞ்சியில வேற சோலி கெடக்கு."

லெட்சுமி உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். "போதும்னே சொல்லி அனுப்புங்களேன். பாவம், சரியான குளிரு. பிள்ள வெறயல்ல நிக்குது."

"போதும்ங்க," என்றார் சுந்தரராஜ்.

ராஜமுருகன் மூன்றாவதைக் குறித்துக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வீட்டிலும் சிலிண்டர் வரவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் வரவில்லை. காலனியில் ஒரு வீடு பாக்கியில்லாமல் இணைய இணைப்புக்கு முன்பதிவு செய்து வைத்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே ஜீப் வந்து சுந்தரராஜைக் கொடைக்கானலுக்கு ஏற்றிக்கொண்டு போனது. என்ன குற்றம் செய்தோம் என்று வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே போனார். ஏரிக்கரையில் ஒரு பெரிய ஓட்டலின் கூடத்தில் அவரை உட்காரவைத்து, தோளில் பொன்னாடை போர்த்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. மேடையில் கட்டியிருந்த துணியில், 'தாவிப் பாய்ந்த கிராமம்: நரிப்பாறை' என்று எழுதியிருந்தது.

விழாவின் முதல் நிகழ்ச்சி, சென்னையிலிருக்கும் மேலதிகாரி திரையில் தோன்றி நேரலையில் வாழ்த்துவது. ஓட்டலின் இணையம் காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. ஆனால் வாரியம் அதற்கெல்லாம் அசருகிற வாரியமல்ல. மேலதிகாரியை முதல் நாளே காரில் வரவழைத்து, பக்கத்து அறையில் உட்காரவைத்து, ஒரு வயரை இழுத்திருந்தார்கள். அவருக்குக் கொடைக்கானல் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் போட்ட தும்மல் முதலில் சுவர் வழியாகவும், பிறகு திரை வழியாகவும் கேட்டது. "என்ன வேகம் பாருங்கள்!" என்றார் அறிவிப்பாளர். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு வாரியத் தலைவர் சேனாதிபதி பேச எழுந்தார். கோட்டுப் பையில் இரண்டு செல்போன், கையில் ஒன்று. அவருக்குப் பின்னால் திரையில் ஒரு கோடு இடதுபக்கக் கீழ்மூலையில் தொடங்கி வலதுபக்க மேல்மூலைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"நண்பர்களே! வயது வந்தோர் மத்தியில் வீட்டு இணைய இணைப்பு மெதுவாக வளர்கிறது, அலைபேசி இணையம் வேகமாக வளர்கிறது என்று உலகமெங்கும் சொல்கிறார்கள். நரிப்பாறை என்ன செய்தது? முதல் படியில் கால்வைக்காமலேயே இரண்டாவது படிக்குத் தாவிவிட்டது! இது எப்படி நடந்தது? நாம் அவர்களுக்குக் கம்பி கொடுக்கவில்லை. கோபுரம் கொடுக்கவில்லை. ஒழுங்கான சாலைகூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோரையும் போல நடந்து போயிருப்பார்கள். கொடுக்காததால்தான் தாவினார்கள். ஆகவே இந்த வெற்றி முழுக்க முழுக்க வாரியத்தின் வெற்றி! வரும் ஆண்டில் மற்ற மலைக் கிராமங்களுக்கும் எதுவும் கொடுக்காமலிருக்க விரிவான திட்டம் ஒன்று தீட்டியிருக்கிறோம். அதற்கான நிதியும் ஒதுக்கப்பட்டுவிட்டது."

கைதட்டலில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுந்தரராஜும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோட்டத்திலேயே பழக்கியிருந்தார்கள்.

அடுத்து மைக்கை அவரிடம் கொடுத்தார்கள். பெரிய மனிதர்கள் கூடியிருக்கிற இடம், இனிமேல் இப்படி ஒரு சமயம் வாய்க்காது என்று நினைத்துக்கொண்டு, மனசிலிருந்ததைச் சொன்னார்.

"ஐயா, வணக்கமுங்க. எங்களுக்குப் பாதை போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். மழை பெய்ஞ்சா ஏறவும் முடியாது, எறங்கவும் முடியாது."

சேனாதிபதி எட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"கேட்டீர்களா? ஒரு எளிய விவசாயி பாதை கேட்கிறார். தகவல் நெடுஞ்சாலையைத்தான் சொல்கிறார்!"

அன்று மத்தியானம் சுந்தரராஜுக்குப் பிரியாணியும், ஒரு கேடயமும், அட்டைப்பெட்டிக்குள் ஒரு மோடமும் கிடைத்தன. மோடத்தை டெலிபோன் கம்பியில் செருக வேண்டும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. வீட்டில் லெட்சுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு சிலிண்டரக் குடுத்திருக்கலாம்," என்றாள்.

விழா முடிந்த கையோடு தமயந்தியின் கடைக்கு ஆள் வந்தது. ராஜமுருகனும், ஏணி தூக்கிய ஒருவரும், போட்டோ பிடிக்க ஒருவரும்.

"என்ன தம்பி, ஆன்டெனாவ சரிபண்ண வந்தீங்களா? காத்துல கொஞ்சம் சாஞ்சு கெடக்கு," என்றாள் தமயந்தி.

"இல்லக்கா. எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்."

"எடுத்துட்டா? எதுக்கு?"

"வயசு வந்தவங்க மத்தியில பழைய போனுக்குத் தேவை கொறையுதுன்னு அறிக்கை சொல்லுது. நரிப்பாறையில அந்தத் தேவை சுத்தமா இல்ல. நீங்கதான் தாவிட்டீங்களே!"

"யாருலே தாவுனது? காலையில இருந்து இந்தப் போன்ல ஏழெட்டுப் பேரு பேசியிருக்காக. இந்தா நிக்கிறாரே சுந்தரராஜண்ணே, இவரு மக ஞாயித்துக்கிழமை பேசுவா. அவளுக்கு என்ன சொல்ல?"

"பாறை மேல ஏறிப் பேசச் சொல்லுங்கக்கா. மேல போயிட்டவங்களுக்கு எதுக்கு ஏணி?" சொல்லிக்கொண்டே அவர் தன் ஆளுக்கு ஏணி பிடித்துக்கொடுத்தார்.

போனுக்கு ஒரு சாமந்தி மாலை போட்டார்கள். 'வரலாற்றுப் பணி நிறைவு' என்று எழுதிய அட்டையைப் பக்கத்தில் வைத்தார்கள். தமயந்தி சிரிக்க வேண்டும் என்று போட்டோக்காரர் கேட்டுக்கொண்டார். அவள் கரண்டியைத் தூக்கினாள். அந்தப் படம் பின்னால் வாரியத்தின் மலரில், 'உற்சாகத்துடன் விடைகொடுக்கும் பெண் தொழில்முனைவோர்' என்ற வரியோடு வெளிவந்தது.

போன் போன பிறகு சத்தியபிரியாவின் ஞாயிற்றுக்கிழமைகள் ஊமையாயின. சுந்தரராஜ் பாறைமேல் ஏறி நிற்பார். ஒரு கோடு வரும். "அப்பா, அம்மாவுக்கு எப்படி..." என்பதோடு அறுந்துபோகும். மீதிக் கேள்வியை அவராகவே ஊகித்து, பழனிப் பக்கம் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு இறங்குவார்.

ஒருநாள் மனு கொடுக்கலாம் என்று கொடைக்கானலுக்குப் போனார். வாரியத்தின் முகாம் அலுவலகத்தில் மனு வாங்குவதில்லை என்றார்கள். எல்லாம் இணையத்தில்தான். ஏழு ரோடு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் ஷர்மிளா என்ற பெண் அவருக்காக உட்கார்ந்து தட்டிக்கொடுத்தாள். 'எங்கள் ஊரில் போனும் இல்லை, இணையமும் இல்லை. எடுத்துப் போன போனைத் திருப்பித் தரவும்.' அவ்வளவுதான் மனு.

அவர் பக்கத்துக் கடையில் ஒரு பன் வாங்கித் தின்றுவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் வாரியத்தைக் குறை சொல்ல முடியாது. ஷர்மிளா படித்துக் காட்டினாள்.

"தங்கள் புகார் இணையம் வழியாகக் கிடைக்கப்பெற்றது. இதனால் தங்களுக்கு இணைய வசதி இருப்பது ஐயமின்றி உறுதியாகிறது. புகார் தீர்த்துவைக்கப்பட்டது."

"அப்படின்னா?" என்றார் சுந்தரராஜ்.

"அப்படின்னா ஃபினிஷ்டு அங்கிள்," என்றாள் அந்தப் பெண். அவளுக்கே கூச்சமாக இருந்தது. "இல்லேன்னு இதுல வந்து சொன்னா இருக்குன்னு எடுத்துக்குவாங்க போல."

"சொல்லாம இருந்தா?"

"கம்ப்ளைன்ட் எதுவும் வரலைன்னு எடுத்துக்குவாங்க."

ஐப்பசியில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாமல் பெய்து, பாதையின் பாதியை ஓடைக்குள் இழுத்துக்கொண்டு போனது. ஆறாம் நாள் காலை லெட்சுமிக்கு மூச்சு முட்டியது. அவளுக்கு இளைப்பு வருவது புதிதல்ல. வழக்கமாக வந்தால் தமயந்தி ஒரு போன் போடுவாள். பாதை எவ்வளவு கெட்டிருந்தாலும் திருமலைச்சாமி, சங்கிலி கட்டிய சக்கரத்தோடு, வைதுகொண்டே மேலே ஏறி வந்துவிடுவார்.

சுந்தரராஜ் பாறை உச்சிக்கு ஓடினார். மஞ்சு இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. பழனி எந்தப் பக்கம் என்றே புலப்படவில்லை. செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து எல்லாத் திசைக்கும் காட்டினார். ஒரு கோடும் வரவில்லை. மழை அதன்மேல் விழுந்து வழிந்தது. இறங்கி வந்தபோது லெட்சுமியின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"பயப்படாதீங்க," என்றாள் அவள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நான்கு பேர் தூக்கினார்கள். தமயந்தி குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். "மதினி, இந்தா வந்திருச்சு மதினி, வெரசாப் போயிருவோம்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வழுக்கலில் ஒருவர் விழ, இன்னொருவர் தோள் கொடுத்தார். பாதை சரிந்த இடத்தில் ஓடைக்குள் இறங்கி ஏற வேண்டியிருந்தது. ஏறிய பிறகு தூளிக்குள்ளிருந்து துருத்திச் சத்தம் கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு சுந்தரராஜ் கொஞ்ச தூரம் நடந்தார்.

பேத்துப்பாறையில் திருமலைச்சாமியின் ஜீப் அவர் வீட்டு வாசலில்தான் நின்றது. அவர் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வெளியே வந்தவர், தூளியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சும்மாதானண்ணே இருந்தேன்," என்றார். "காலையில இருந்து சும்மாதான் இருந்தேன். ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கக் கூடாதா?"

தமயந்தி குடையை மடக்கினாள்.

மகளுக்குச் செய்தி சொல்ல திருமலைச்சாமி தன் வீட்டுப் போனிலிருந்தே கூப்பிட்டார். வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனதில், சத்தியபிரியா வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. அவள் அழுதுகொண்டே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஏம்ப்பா யாரும் போன் பண்ணல? ஏம்ப்பா பண்ணல?" சுந்தரராஜுக்கு ஓட்டல் கூடத்தில் தான் கைதட்டியது நினைவுக்கு வந்தது. உள்ளங்கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். துடைக்க எதுவும் இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மகள் திருப்பூருக்குக் கூப்பிட்டாள். பீன்ஸ் பறிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

தை மாதம், பனி வெயிலில், ஜீப் மறுபடியும் வந்தது. போக்கு என்றால் ஒரு தடவை அளந்தால் போதாதாம். போன தடவை பார்த்த அதே வீடுகளை இன்னொரு தடவை பார்த்தால்தான் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியுமாம். ராஜமுருகனுக்கு வேலையில் உயர்வு கிடைத்திருந்தது. கழுத்து அட்டையின் நிறம் மாறியிருந்தது.

"எப்படி இருக்கீங்கய்யா? மறுபடி உங்க வீட்டுல இருந்தே தொடங்குறேன். ராசியான வீடு." அவர் வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்து தாளைப் புரட்டினார். "வயசு வந்தவங்க ரெண்டு பேருன்னு இருக்கு. சரிதானுங்களே?"

"இப்ப நான் மட்டும்."

"அம்மா மக வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"செத்துட்டா."

பேனா நின்றது. ராஜமுருகன் கல்நெஞ்சக்காரர் அல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடப் பாவமே. தேத்தண்ணி குடுத்தாங்களே! எப்படிங்கய்யா?"

"இளைப்பு. ஜீப்புக்குச் சொல்லிவிட முடியல. போன் இல்ல."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றார் ராஜமுருகன். உண்மையாகவே வருத்தப்பட்டார். தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் தானாகத் தாளில் விழுந்தது. உதடு எதையோ கணக்குப் போட்டது. பிறகு, அவர் எவ்வளவோ அடக்கியும், முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவ உங்க வீட்டுல ரெண்டு பேரு, ஒரு செல்போன். அம்பது சதவீதம். இப்ப ஒரே ஆளு, அதே செல்போன். உங்க வீடு நூறு சதவீதத்தைத் தொட்டிருச்சு! தலைவர் ரொம்ப சந்தோசப்படுவாரு."

பீன்ஸ் கொடிக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"தம்பி," என்றார் சுந்தரராஜ். "இந்தக் காலனியில இருக்கற நாங்க எல்லாருமே செத்துப்போயிட்டா?"

ராஜமுருகன் அந்தக் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தார்.

"அப்பக் கணக்கு வராதுங்க. வகுக்கற எடத்துல சைபர் வந்துரும். ஒரு ஆளாவது உசுரோட இருந்தாத்தான் சதவீதம் போட முடியும்."

சுந்தரராஜ் அடித்தொண்டையிலிருந்து காறித் துப்பினார். அது அந்தப் பளபளப்பான பூட்ஸின்மேல் போய் விழுந்தது. ராஜமுருகன் பூட்ஸைப் புல்லில் தேய்த்துத் துடைத்துவிட்டு, அடுத்த கேள்வியைப் படித்தார்.